முன்ஃபோர்க்கில் வண்டி மை

என் மனைவியின் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் ஆவடியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்குக் கரையான்சாவடியில் சைக்கிள் கடை. சீமைக்குக் கிளம்பிய ஒரு சிப்பாயிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். இப்போதைய வண்டிகளில் முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குழாய் இருக்கிறதே, அது அதில் கிடையாது. ஃபோர்க் என்கிற ஓர் இரும்புச் சட்டம் சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். அதற்கு மேலே ஒரு பெரிய ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கியதைச் சும்மா விட்டால் குதித்துக்கொண்டே இருக்கும். அதை அடக்குவதற்காகப் பக்கவாட்டில் வட்டத் தகடுகள் வைத்து, நடுவே ஒரு வில்லையைச் செருகியிருப்பார்கள். கைத்திருகை முறுக்கினால் தகடுகள் வில்லையைக் கவ்வும், ஸ்பிரிங் வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஒரே நிபந்தனை, வில்லை காய்ந்திருக்க வேண்டும். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் கவ்வாது.

கல்யாணமாகி முதல் பொங்கல். கோவில்பதாகையில் மாமனார் வீட்டுக்கு மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அந்த வண்டியில்தான் போனேன். போகும்போது ஒரு குறையும் இல்லை.

அவர்கள் பரம்பரையாக ஏர் பிடித்த குடும்பம். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டினார்கள், கொம்புக்கு வர்ணம் பூசினார்கள், கட்டை வண்டிகளைக் கழுவி அச்சுக்கு மை போட்டார்கள். நான் விருந்து சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் என் மோட்டார் சைக்கிளுக்கும் மஞ்சள், குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. எல்லாம் மச்சான் செய்த மரியாதை. நானும் பூரித்துப்போய்ப் பல்லைக் காட்டினேன்.

மறுநாள் காணும் பொங்கல். பட்டுப்புடவையில் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரைச் சாலையில் கூட்டமோ கூட்டம். ஒரு சின்னப் பள்ளத்தில்தான் இறங்கினேன். முன்பக்கம் துள்ள ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. திருகை எவ்வளவு முறுக்கியும் பிரயோசனமில்லை. ஹேண்டில் கையை உதறியது, இரண்டு பேரும் சாலையில் கிடந்தோம். எனக்கு முட்டியில் தோல் போனது. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

சேதி கேட்டு மச்சான் ஓடிவந்தான். தங்கையைத் தூக்கி உட்காரவைத்ததும், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினான்.

"இன்னா மாப்ளே, வண்டி ஓட்டத் தெரியலன்னா மாடு மேய்க்கப் போறது. பொண்ண இட்டுகினு வந்து ரோட்ல கொட்டிட்டியே? நா ஓட்டிகினு வந்திருந்தா ஒரு தூசு வுயுந்திருக்குமா?"

கூட்டம் சிரித்தது. அவன் தங்கையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனான். எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பிசாச எங்கியானா தலய சுத்திப் போட்டுட்டு வா. அப்பால பொண்ண அனுப்பறேன். அது வரிக்கும் அவ எங்கூட்டுலயே இருக்கட்டும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். அதற்குள் எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது: குப்புற மாப்ளே. கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவன்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

முன்ஃபோர்க்கைக் கழற்றினேன். கைத்திருகை எடுத்துத் தகட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து கன்னங்கரேல் என்று வழிந்தது வண்டி மை. விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த அதே மை. கட்டை வண்டியின் அச்சில் போடுவதை, சுழல்கிற எதற்கும் மை வேண்டும் என்று நினைத்து, என் வில்லையிலும் அப்பியிருக்கிறான் மகராசன். மாலை போட்ட கையாலேயே செய்த வேலை. எனக்கு உச்சந்தலை கொதித்தது. அவள் கையை முறித்தவன் அவன். பழி எனக்கு. பெண்டாட்டி அவன் வீட்டில்.

உடனே ஓடிப்போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. முதலில் வண்டி தயாராக வேண்டும், பிறகு அவன்.

ஃபோர்க்கை முழுக்கப் பிரித்தேன். அதன் மூட்டுகளில் இருக்கும் புஷ் வளையங்களும் தேய்ந்துதான் இருந்தன. ஆனால் அவை என்னை ஒருநாளும் கீழே தள்ளியதில்லை. பட்டணத்தில் ஒரு கடைசல் பட்டறையில் வெண்கலத்தில் புதுப் புஷ் கடைந்து வாங்கிவந்தேன். களைத்துப்போன ஸ்பிரிங்கை மாற்றி, சற்றுத் தடித்த கம்பியில் ஒன்று போட்டேன். பட்டாளத்து லாரி ஒன்றின் பழைய பிரேக் லைனிங் கிடைத்தது. அதை வட்டமாக அறுத்து, அரம் போட்டுத் தேய்த்துப் புது வில்லை செய்தேன். பழையதைவிட இது உடும்புப் பிடி. ஒவ்வொரு நட்டை முறுக்கும்போதும் மச்சானின் கழுத்தை முறுக்குவதாகவே நினைத்துக்கொண்டேன். வேலை நன்றாக ஓடியது. கோபத்தில் செய்த வேலைதான் என் கையில் எப்போதும் சுத்தமாக வரும்.

பூந்தமல்லி சாலையின் குழிகளில் ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் இறங்கியது, ஏறியது, அவ்வளவுதான். மை தோய்ந்த பழைய வில்லையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கோவில்பதாகைக்குக் கிளம்பினேன்.

வீட்டு வாசலில் மாமனார், மச்சான், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மனைவி கையில் கட்டோடு நிலைப்படியில் நின்றாள். காகிதத்தைப் பிரித்து வில்லையைக் காட்டினேன்.

"மச்சான், இதுல மை வெச்சது நீதானே?"

"ஆமா, நாந்தான் வெச்சேன்" என்றான், கூசாமல். "மை போடாம எந்த வண்டி ஓடும்? ஒங்க ஊர்ல தண்ணி ஊத்தி ஓட்டுவீங்களா?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். இது வழுக்கக் கூடாத இடம், கவ்வ வேண்டிய இடம் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். சுழலும் சாமானுக்கு மை வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் ஏர்க்காரர் யார் நம்புவார்? எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே அவர்கள் முகம் சொன்னது. நான் நினைத்து வந்த பழி என் மேலேயே திரும்பிவிட்டது. மாமனார் எழுந்து துண்டை உதறினார். அவர் உள்ளே போனால் என் குடும்பம் அத்தோடு போச்சு.

"சரி மச்சான்" என்றேன். "மை வெச்சா நல்லா ஓடும்ன்றே. நீ ஓட்டுனா வுய மாட்டேன்றே. ஓட்டிக் காட்டு. நீ வுயாம திரும்பி வந்தா இந்த வண்டிய இங்கியே கொளுத்திடறேன்."

அவனுக்குப் பொங்கலன்று களத்துமேட்டில் என் வண்டியில் நாலு சுற்றுச் சுற்றிய தைரியம். வேட்டியை மடித்துக் கட்டினான். எல்லோர் முன்னாலும் புது வில்லையைக் கழற்றி, மை தோய்ந்ததைப் போட்டுத் திருகை முறுக்கிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் நானே காட்டினேன். அந்தப் பக்கம் வாய்க்கால் மேடு இருந்தது. மேட்டுக்கு அந்தண்டை எருக்குழி.

மேட்டில் ஏறும்வரை ராஜா மாதிரி போனான். இறங்கியதும் முன்பக்கம் துள்ளியது. இன்னொரு துள்ளல். "ஐயோ யம்மா!" என்ற சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, மச்சான் எருக்குழியில் தலைகுப்புறப் போய்ச் சேர்ந்தான். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

நாலு பேர் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மாமியார் ஒப்பாரி வைத்தாள், மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் தீ எரிந்தது.

"வேணும்னே புள்ளைய சாவ அனுப்பிட்டியே. இனிமே பொண்ணு கிண்ணுன்னு இந்தப் பக்கம் வந்துடாதே."

வண்டியை நிமிர்த்தி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஜெயித்தும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

மனைவி நிலைப்படியை விட்டு இறங்கினாள். என் பக்கமும் அப்பா பக்கமும் திரும்பாமல் நேராகக் கொடிக்கயிற்றிடம் போனாள். அங்கே காய்ந்துகொண்டிருந்த அண்ணனின் சரிகை வேட்டியை நல்ல கையால் உருவி எடுத்துவந்து, என் மேல் போட்டாள்.

"இத்தால தகட்டச் சுத்தமா தொடச்சிட்டு, புது வில்லையப் போடு" என்றாள். "அப்பாலதான் ஏறுவேன்."