நீலச் சட்டைக்காரர்கள்

உலகக்கோப்பைக் கால்பந்து நெருங்குவதைச் சிவகாசியில் எங்கள் அச்சகம் கேரளத்து ஆர்டரை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். போஸ்டர், ஸ்டிக்கர், தோரணம் என்று அர்ஜென்டினாவும் பிரேசிலும் மூட்டை மூட்டையாக இங்கிருந்து போகும். அச்சகத்தில் டிசைன் பார்ப்பவன் நான். அர்ஜென்டினா ரசிகனும்கூட. எதிரே உள்ள டீக்கடையில் கால்பந்து பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் தயங்காமல் சொல்வேன்.

ஒரு வருடம் அர்ஜென்டினாவின் வெளிர்நீலக் கோடு கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டது. கோழிக்கோட்டு வியாபாரி லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். "இது வேற ஏதோ நாடு" என்றார் போனில். மெஷின்மேன் அவரைத் திட்டிக்கொண்டே மறுபடி அச்சடித்தார். எனக்கென்னவோ அந்த வியாபாரி செய்தது நியாயமாகவே பட்டது. ஒரு நாட்டின் நிறம் விளையாட்டா?

அதே மாதம் நோட்டு கம்பெனி ஒன்றிடமிருந்து பள்ளி நோட்டு ஆர்டர் வந்தது. பின்னட்டையில் 'நமது தேசியக் கால்பந்து அணி' என்று ஒரு படம், கீழே பத்து வரி வரலாறு. "நீதான் பந்து பந்துன்னு அலையிறியே, நீயே எழுதிரு" என்றார் முதலாளி.

இணையத்தில் தேடினேன். நம் அணியின் படங்களாக எனக்குக் கிடைத்தவை எல்லாம் சின்னவை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தன. ஒரு படம் மட்டும் பளிச்சென்று இருந்தது. நீலச் சட்டை போட்ட பதினொரு பேர். அதையே எடுத்துக்கொண்டேன். வரலாறு எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. 1950 உலகக்கோப்பைக்கு இடம் கிடைத்தும், வெறுங்காலோடு ஆட அனுமதிக்கவில்லை என்பதால் நம் வீரர்கள் போகவில்லை என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நோட்டு கம்பெனிக்குப் பிழை திருத்தித் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒரு 'ச்' விட்டுப்போனதைச் சுழித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட்டார். நோட்டுகள் லாரி ஏறின.

மறுநாள் மத்தியானம், பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒரு நோட்டோடு என் மேஜைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பல வருடமாகப் பார்க்கிறேன், அதிகம் பேசியதில்லை.

"அண்ணே, இந்தப் படத்த எங்கன எடுத்தீக?"

"ஏன் தாயி, நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தாய்லாந்து டீமு."

சட்டையில் கடுகளவு இருந்த கொடியைத் தொட்டுக் காட்டினார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். தாய்லாந்தேதான்.

"ஷூ இல்லாததாலதான் போகலன்னு எழுதியிருக்கீகளே, அதுவும் சும்மா கதைண்ணே. அப்ப இருந்தவுகளுக்கு ஒலிம்பிக்குதான் பெருசு. உலகக்கோப்பைய ஒரு பொருட்டா நெனைக்கல. அதான் போகல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடியிருக்கேன்ல. லெஃப்ட் பேக்."

டீக்கடையில் இத்தனை வருடம் நான் பேசியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் அங்கேயே நோட்டு கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது: "சட்டை நீலமாத்தான இருக்கு? யாரும் கேட்டா பாப்போம்."

பள்ளி திறந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் நான்தான் முந்திப் போய் எடுத்தேன். விருதுநகர், சாத்தூர் என்று மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் தாய்லாந்துக்காரர்களைப் பையில் சுமந்து போய் வந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த பதிப்புக்கு அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். சரியான படத்தைத் தேடித் தந்தார். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்ததைச் சேர்க்கச் சொன்னார். பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போனதையும் சொன்னார். அதை அன்றுதான் கேள்விப்பட்டேன். எல்லாவற்றையும் எழுதினேன்.

பத்தே நாளில் நோட்டு விற்கும் சாத்தூர்க் கடைக்காரர் ஒருவர் அட்டையில் இருந்த எங்கள் நம்பருக்குக் கூப்பிட்டார். "இது யாருப்பா புதுசா? பழைய டீமே போடுங்க. அவங்கதான் பாக்க லட்சணமா இருந்தாங்க."

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். "என்ன செய்யலாம்?"

"பொம்பளைக டீமப் போடுங்க மொதலாளி," என்றார் அந்தப் பெண். "அவுகளயும் யாருக்கும் தெரியாது. அதனால மாத்தச் சொல்ல மாட்டாக."

போட்டோம். அதற்கும் ஒரு போன் வந்தது. தாயில்பட்டிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து விளையாட்டு ஆசிரியை பேசினார்.

"படம் போட்டீக, சரி. கீழ பேரு போடக் கூடாதா? யாரு யாருன்னு எங்க பிள்ளைக என்னயப் பிடுங்குதுக."

போனைக் கையால் பொத்திக்கொண்டு பைண்டிங் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். போனை வாங்கி, படத்தைப் பார்க்காமலே, இடமிருந்து வலமாகப் பதினொரு பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதிர்முனையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.