ஜெயம் சொல்லியிருக்க வேண்டிய பதில்

எங்கள் வைத்திக்குப்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன யாரைப் பற்றிக் கேட்டாலும் 'சீரியஸ்'தான். காய்ச்சலும் சீரியஸ், மாரடைப்பும் சீரியஸ். அதைக் கேட்டாலே ஜெயத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். "சீரியஸ்னா கவலப்படணும், ஆனா பாத்துக்கலாம். கிரிட்டிகல்னா உசுரே ஊசலாடுது. ரெண்டும் ஒண்ணாண்ணே?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். நான் பக்கத்து வீட்டுக்காரன்.

மூலக்குளத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. குறுக்கே நின்றது ஆங்கிலத் தேர்வு. ஏற்கெனவே தோற்றிருந்தாள், இந்த முறையும் விட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. வெறி பிடித்தவள் போலப் படித்தாள். மருந்து கொடுத்து நோயைத் தீர்த்தால் க்யூர், புண் தானாக ஆறினால் ஹீல். சத்தம் காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்துக் கேட்டால் லிசன். நான்தான் கேள்வி கேட்பேன். ஒன்றில்கூட அவள் தடுமாறியதில்லை.

சென்னையில் பேச்சுத் தேர்வு. அது ஒரு நாடகம் மாதிரி. தேர்வு நடத்தும் அம்மா நோயாளியின் மனைவியாக நடிப்பார். ஜெயம் நர்ஸாகப் பேச வேண்டும். கணவர் பிழைக்க மாட்டார் என்பதை மனைவிக்கு எடுத்துச் சொல் என்று கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள்.

"என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துடுவார்தானே?" என்று கேட்டாராம் அந்த அம்மா. "கண்டிப்பாக வந்துவிடுவார், தைரியமாக இருங்கள்" என்று சொல்லியிருக்கிறாள் ஜெயம். பிழையே இல்லாத ஆங்கிலத்தில்.

கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், உடல் கரை சேரும்வரை அவன் மனைவியிடம் எங்கள் குப்பத்தில் யாரும் சாவு என்ற சொல்லைச் சொல்ல மாட்டோம். 'வந்துடுவாரு' என்றுதான் சொல்லுவோம். ஜெயத்தின் அப்பா தணிகாசலம் புயலில் போய்ப் பல வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. அம்மா செல்வாம்பாள் இன்றும் பொட்டும் பூவுமாகத்தான் இருக்கிறாள். தெருவே அந்தப் பொட்டுக்குக் காவல், நான் உள்பட. அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வேறு எந்தப் பதில் வாயில் வரும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முடிவு வந்தது. தோல்வி. அயர்லாந்தும் கைவிட்டுப் போனது. அன்று சாயங்காலம் நான் போனபோது ஜெயம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இனி இந்த மண்ணைவிட்டு நகரவே முடியாது என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. செல்வாம்பாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்ல வார்த்த சொன்னதுக்கா ஃபெயிலாக்குவாங்க, பாவிங்க" என்று என்னிடம் புலம்பினாள்.

ஜெயம் சட்டென்று திரும்பினாள். "அம்மா, அப்பா செத்துட்டாரும்மா."

செல்வாம்பாள் தலை நிமிரவில்லை. கை மீனை அலசிக்கொண்டே இருந்தது.

"பரீட்சதான் முடிஞ்சிபோச்சே" என்றாள். "இன்னும் எதுக்கு அதச் சொல்லிப் பாக்குற?"