மூக்கு தும்மியது, ஈரல் மாட்டிக்கொண்டது

தங்கைக்குக் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுப்பது என்று முடிவானதும் கண்ணாடிக்காரர் செய்த முதல் காரியம், அதை ஊருக்கெல்லாம் சொன்னதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்க இருட்டறையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. "இடது கண்ணை மூடிக்குங்க. கடைசி வரி தெரியுதா? தெரியலையா, பரவாயில்ல. அடுத்த மாசம் நான் கடையில இருக்க மாட்டேன், தங்கச்சிக்கு ஈரல் குடுக்கப் போறேன்" என்பார். நாற்காலியில் இருப்பவர் ஒற்றைக் கண்ணை மூடியபடியே, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சிலருக்கு இரண்டு தடவை கண் பார்த்தார் மனுஷன்.

உண்மையில் அவர் சரியான தொடைநடுங்கி. ஊசியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிற ஆள். உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் ஒரு நோயால் தங்கையின் ஈரல் சுருங்கிக்கொண்டே வந்தது. அவள் கணவனுக்கு ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை; அண்ணனுக்கு ஒத்துவந்தது. "நான் இருக்கேன்ல!" என்று எல்லார் முன்னாலும் மார்தட்டியது வாய். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மற்ற பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, கடைசி ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் தும்மினார். கண் பார்க்கும்போது முகத்துக்கு முகம் ஒரு சாண்தான் இடைவெளி. முகக்கவசம் போட்டால் மூச்சு மேலேறி லென்ஸில் ஆவி படியும் என்று, தனக்கும் வருகிறவர்களுக்கும் சேர்த்து அவரே தடை போட்டிருந்தார். தும்மல் முழுசாக அவருக்கே கிடைத்தது.

இரண்டொரு நாளில் காய்ச்சல் கொதித்தது. உடம்பை அடித்துப்போட்டாற்போல வலி. சளி, இருமல், காய்ச்சல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இப்போது போய்ச் சளி என்றால் என்ன பேசுவார்கள்? பயந்துட்டான், சாக்குச் சொல்றான் என்பார்கள். அந்த அவமானத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். மதியத்தில் இருட்டறையின் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, "நாள் பூரா அடுத்தவன் கண்ணையே பாத்தா வேற என்ன ஆகும்?" என்றார். காய்ச்சல் விட்டதும் பெரிய தியாகி மாதிரி போய் ரத்தம் கொடுத்தார்.

டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தத்துல ஈரல் என்சைம் அளவு மூணு மடங்கு ஏறியிருக்கே. குடிப்பீங்களா?"

"சோடா குடிச்சாலே எனக்குத் தலை சுத்தும் டாக்டர்."

"ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறேன். இந்த ஈரல்ல கை வைக்க முடியாது. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

அப்போதும் அவர் சளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூக்கு எங்கே, ஈரல் எங்கே? ஆனால் படியிறங்கும்போது உடம்பு லேசாகிவிட்டது. தன்னையறியாமல் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். உள்ளே தங்கை நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறாள், வெளியே அண்ணன் சீட்டியடிக்கிறான், அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். சீட்டி மட்டும் அடுத்த தெரு வரைக்கும் நிற்கவில்லை.

ஆபரேஷன் ஏன் தள்ளிப்போனது என்ற சேதி போனில் முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தது; மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லுங்க. தப்பிக்கிறதுக்காகக் குடிச்சீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல! போன வாரம் கொஞ்சம் சளி இருந்துச்சு, அதுவா இருக்குமோ என்னமோ..."

"சளிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. அந்தப் பொண்ணு உங்களைத்தான் நம்பியிருக்கா."

குற்றம் செய்யாதவன் கோபப்பட வேண்டும். அவரால் முடியவில்லை. குடிக்கவில்லைதான், ஆனால் எப்படியாவது தள்ளிப்போகாதா என்று அவர் வேண்டாத இரவு இல்லை. அந்த வெட்கத்தில் தலையைக் குனிந்தார். குனிந்த தலையைப் பார்த்து மனைவி சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டினாள்.

மறுநாளே டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சளி என்றதும் டாக்டரம்மா நிமிர்ந்தார். "இதை நேத்தே சொல்றதுக்கென்ன? நல்ல ஃப்ளூ வந்தா சில பேருக்கு இந்த ஈரல் என்சைம் அளவு கொஞ்ச நாளைக்கு ஏறும். கிருமி ஈரலுக்கே போகணும்னு இல்ல. மூச்சுக்குழாய்ல சண்டை போட உடம்பு படையை அனுப்புது. சண்டை முடிஞ்சதும் அதுல நிறையப் பேர் வந்து இறங்குற சத்திரம் ஈரல்தான். வந்தவங்க சும்மா இருப்பாங்களா? அங்கயும் கொஞ்சம் கலாட்டா பண்ணுவாங்க. பெரும்பாலும் தானா அடங்கிடும். மாத்திரை ஏதாவது முழுங்குனீங்களா?"

"காய்ச்சல் மாத்திரை. கொஞ்சம் தாராளமா."

"அதுவும் அளவுக்கு மிஞ்சினா ஈரலுக்கு ஆகாது. வீரமா இது?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மனைவி அவரை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "சளியைக் கூடவா மறைப்பீங்க?" என்றாள், குரல் கம்மிப்போய்.

அந்த மாதம் தங்கை இன்னும் இளைத்தாள்; கண்கள் மஞ்சளாகின. அவருக்குச் சீட்டி மறந்துபோயிற்று. மறு பரிசோதனையில் எல்லா அளவும் இறங்கிச் சரியாக நின்றன. இனி சாக்குச் சொல்ல ஒரு தும்மல்கூட மிச்சமில்லை. சேதியைச் சொல்ல ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. தள்ளிப்போச்சுன்னதும் சந்தோஷப்பட்டியா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார். "பட்டேன்மா. சீட்டியடிச்சேன். பயமா இருக்கு. இப்பவும்தான்."

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தான் சந்தோஷப்பட்டேன். எனக்காக உன்னை அறுக்கறாங்கன்னு நினைச்சா எனக்குத் தூக்கமே வரல. உனக்கு ஒண்ணு ஆயிட்டா அண்ணி முகத்துல எப்படி முழிப்பேன்? ஒத்துவராம போகட்டும்னு நானே வேண்டிக்கிட்டேன்."

சாகக் கிடக்கிறவள் அண்ணனுக்காகப் பயந்திருக்கிறாள். அண்ணனும் அதே அண்ணனுக்காகத்தான் பயந்திருக்கிறான். இரண்டு பேரும் கவலைப்பட்டது ஒரே ஆளுக்காக. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வா, போய் டாக்டரம்மாகிட்ட தேதி வாங்கலாம்" என்று விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் வெடவெடவென்று ஆடியது. தங்கை ஒரு கையால் சுவரையும் மறு கையால் அவர் முழங்கையையும் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா அறை வரைக்கும் அவரை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.