முன்வாசலில் நிரம்பிய போத்தல்கள்

செவ்வாய்க்கிழமை காலை தில்லையடியிலிருந்து தொலைபேசி வந்தது. "ராத்தா மௌத்தாகிட்டாங்க, சேர்" என்றார் சுலைஹா மிஸ்ஸின் தம்பி. தன் அக்கா இறந்த செய்தியைச் சொல்லி அவர் வைத்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். மிஸ்ஸைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. தடுமாறாமல் இருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்:

1. அவர் எங்கள் குழுவுக்கு வந்த விதம்.
2. எத்தாளையில் அவர் கண்டது.
3. எங்கள் நிலவியலில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்பது.

கற்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளை ஆராய்ந்து வரைபடம் தயாரிக்கும் குழுவில் நான் நிலவியலாளனாக இருந்தேன். மிஸ் சமூகவியல் விரிவுரையாளர். ஊர்மக்களை ஆராய வந்திருக்கிறார் என்றே நினைத்தோம். அவரோ எங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

"மிஸ், நாங்க தண்ணிய ஆராயிறம். நீங்க எங்கள ஆராயிறீங்களா?" என்று எங்கள் தலைவர் கேட்டார்.

"ஓம் சேர். தண்ணி கதைக்காது, நீங்க கதைப்பீங்க."

தலைவரே சிரித்துவிட்டார்.

கற்பிட்டிப் பக்கத்து ஊரான எத்தாளையில் கிணறுகள் வீட்டுக்குப் பின்னால், பெண்கள் புழங்கும் இடத்தில் இருந்தன. ஆண்களாகிய நாங்கள் மரியாதையாக முன்வாசலில் நின்றோம். வீட்டார் போத்தல்களை வாங்கிப் போய் நிரப்பித் தந்தார்கள். அளந்தால் எல்லாம் நல்ல தண்ணீர். அப்படியே அறிக்கை போனால், குழாய்த் தண்ணீர்த் திட்டம் அந்தத் தெருவை விட்டுவிடும்.

மிஸ் மட்டும் அடுப்படி வரை போய்வந்தார். ஒரு வீட்டுப் பெண், பள்ளிவாசல் கிணற்றிலிருந்து சுமந்து வந்த குடத்தைச் சரித்து எங்கள் போத்தலை நிரப்புவதைக் கண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "வந்தவங்களுக்கு எங்கட உப்புத் தண்ணியக் குடுக்கிறதா? வெக்கமில்லையா மிஸ்?" என்றாளாம்.

"சேர், உங்கட போத்தல்ல இருக்கிறது கிணறு இல்ல, உபசாரம்" என்று மிஸ் என்னிடம் சொன்னார். தலைவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. மிஸ்ஸே என்னுடன் வந்து சொன்னார்.

தலைவர் எரிச்சலுடன், "அப்ப அளவை விட்டுட்டு, அவங்க சொல்றத எழுதுவமா?" என்றார்.

"இல்ல சேர். திரும்ப அளங்க. உப்பு எண்டு அவங்க சொன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. உங்கட இலக்கம் சொன்னா கேப்பாங்க."

வீட்டாரிடம் பேசி எங்களைப் பின்வாசலால் அழைத்துப்போனவரும் அவர்தான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முதல் வாளியைத் தானே இழுத்தார். உப்பை அளக்கும் கருவியில் இலக்கம் ஏற ஏற, அந்த வீட்டுப் பெண்ணின் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, உப்பேதான்!" என்று பரீட்சையில் தேறியவர்போல் சிரித்தார். வரைபடம் மாறியது. குழாயும் வந்தது.

இதை எழுதிய பிறகு மேலே பார்க்கிறேன். மூன்றாவதாக நான் குறித்தது பிழை. நம்பிக்கை இல்லாதவர் திரும்ப அளக்கச் சொல்லமாட்டார். எங்கள் அளவுகளை எங்களைவிட அவர்தான் பெரிதாக மதித்திருக்கிறார்.

ஆனால் அந்த வரியை அழிக்கப்போவதில்லை. நாங்கள் எப்படிப் பிழையான முடிவுக்கு வருகிறோம் என்று பார்ப்பதில்தானே உங்களுக்கு விருப்பம், மிஸ். இதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.