ஆளில்லாத அறையின் விளக்கு

ஆளில்லாத அறையில் விளக்கு எரியவோ மின்விசிறி ஓடவோ கூடாது. இது எங்கள் வீட்டு விதி எண் மூன்று. அப்பா தன் கையெழுத்தில் எழுதி ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒட்டியிருந்தார். விதி ஒன்று செருப்பைப் பற்றியது, இரண்டு குழாயைப் பற்றியது. அவை இங்கே பொருந்தா. மூன்றாம் விதிக்கு விலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை. பிற்காலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: விலக்கு என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் காட்டப்பட்டிருக்க வேண்டும், கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். வாய்மொழி விலக்கு செல்லாது.

ஆனாலும் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில், ஆளே இல்லாமல், ஒரு சின்னப் பல்பு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. பகலிலும் எரிந்தது.

அது அண்ணனின் அறை. அண்ணன் பம்பாயில் வேலைக்குப் போயிருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவன் பரீட்சையில் தவறி, அப்பாவோடு சண்டை போட்டு, ஒரு பையோடு வெளியேறியிருந்தான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவனுடைய சிநேகிதன் ஒருவன் பம்பாயில் இருந்தான். அந்த முகவரிக்கு அம்மா வாரம் ஒரு இன்லண்டு லெட்டர் எழுதினாள். பதில் வரவில்லை. இதெல்லாம் நான் பின்னால் அறிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, சண்டையின்போது அப்பா சொன்ன ஒரு வாக்கியம் மட்டும்: “நீ இங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.” பதினொரு வயதில் நான் அதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டேன். கூட்டினாலும் கழித்தாலும் எதையும் மாற்றாத ஒரே எண் பூஜ்யம்.

அண்ணன் போன மறுநாளிலிருந்து அம்மா அந்த அறையில் விளக்கைப் போட்டு வைத்தாள். ஜன்னல் தெருவைப் பார்த்தது. ஸ்டேஷனிலிருந்து யார் நடந்து வந்தாலும் அது கண்ணில் படும். மூன்றாவது நாள் அப்பா அந்த நாற்பது வாட் பல்பைக் கழற்றிவிட்டு, தானே கடையிலிருந்து வாங்கி வந்த ஜீரோ வாட்ஸ் பல்பைப் பொருத்தினார். “இது ஜீரோதான். கரண்ட்டே எடுக்காது. எரியட்டும்” என்றார். அந்தக் காலத்தில் தாம்பரம் முழுக்க அப்படித்தான் நம்பினார்கள். சாமி படத்துக்கும் தொட்டிலுக்கும் ஜீரோ வாட்ஸ் போட்டுவிட்டு, மின்சாரத்தை ஏமாற்றிவிட்டதாக நிம்மதியாக இருந்தார்கள். அம்மாவும் நம்பினாள். விதியை மீறும் பழக்கம் இல்லாதவள் அவள். அந்த விளக்கு ஒன்றும் எடுக்கவில்லை என்பதால்தான் அது விதிக்குள் வரவில்லை என்பது அவளுடைய சட்ட விளக்கம்.

அப்பா என் பள்ளியிலேயே விஞ்ஞான ஆசிரியர். வீட்டில் அப்பா, வகுப்பில் சார். மாற்றி அழைத்தால் இரண்டு இடத்திலும் முறைப்பார். அந்த ஆண்டு வெற்றிடம் பற்றிய பாடம் வந்தது. அனகாபுத்தூரிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து கேட்டான்.

“சார், சுத்தமா ஒண்ணுமே இல்லாத எடம் எங்கனா கீதா சார்?”

“நீயே சொல்லு.”

“எங்க வூட்டு அரிசிப் பானை சார். வந்து பாருங்க, உள்ள ஒண்ணுமே கெடையாது.”

“காத்து இருக்கேடா.”

“காத்தத் துன்ன முடியாதே சார்.”

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் அப்பா மேசையில் சாய்ந்துகொண்டார். “சரி, காத்தையும் எடுத்துடுவோம். அப்பவும் வெளிச்சம் உள்ள போகும், சூடு போகும். அதையும் எடுத்துட்டா, இடம் இருக்கும். இடத்தையும் எடுத்துட்டா?”

“நாங்க எங்க சார் குந்தறது?”

அன்றைக்கு அப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு ஒரு சவால் விட்டார். முழுமையான இன்மை ஒன்றை, இந்தப் பிரபஞ்சத்தில் எங்கிருந்தாவது, சோதனையோடு எழுதிக் காட்டுபவர்களுக்குத் தன் மைப்பேனாவைத் தருவதாகச் சொன்னார். கறுப்பு உடம்பும் தங்கநிற மூடியும் கொண்ட அந்தப் பேனா மேல் நான் இரண்டு வருடமாகக் கண் வைத்திருந்தேன்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இன்மை எங்கள் வீட்டு முன்னறையில் தொங்கிக்கொண்டிருந்தது. எரிகிறது, ஆனால் எடுப்பது பூஜ்யம். வாங்கி வந்தவரே பேனாவின் சொந்தக்காரர். இதைவிடப் பலமான சாட்சி வேண்டுமா?

ஒரு சனிக்கிழமை காலை அப்பா சிறப்பு வகுப்புக்கும் அம்மா மீன் வாங்க மார்க்கெட்டுக்கும் போயிருந்த நேரத்தில் சோதனையைத் தொடங்கினேன். ரேடியோ, மின்விசிறி, மற்ற விளக்குகள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அண்ணன் அறைப் பல்பு மட்டும் எரிந்தது. ஸ்டூல் மேல் ஏறி மீட்டரைப் பார்த்தேன். அந்தக் கால மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தகடு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். மின்சாரம் ஓடினால் கோடு நகரும். ஓடாவிட்டால் நிற்கும். நின்றால் பேனா எனக்கு.

கோடு நகர்ந்தது.

நத்தை போல, ஆனால் நகர்ந்தது. அலாரம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம் பிடித்தது. இரண்டாவது சுற்றுக்கும் ஏழு நிமிடம். பேனா கையை விட்டுப் போவது தெரிந்தது. இருந்தாலும் ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையே அல்ல என்பது அப்பாவின் பாடம். ஆகவே முன்னறைக்குப் போய்ப் பல்பை அணைத்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் ஏறினேன். தகடு அசையாமல் நின்றது. ஆக, தகட்டைச் சுழற்றியது அந்தப் பல்புதான். வேறு எதுவும் இல்லை.

நின்ற தகட்டை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவு படாரென்று திறந்தது. தெருவிலிருந்தே இருண்ட ஜன்னலைப் பார்த்துவிட்ட அம்மா, மீன் பையோடு நேராக முன்னறைக்குள் ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, விதி ஒன்று.

“வந்துட்டானா?”

அறையில் யாரும் இல்லை. அவள் கட்டிலைப் பார்த்தாள், கதவின் பின்னால் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாரு லைட்ட நிறுத்துனது?”

“நான்தாம்மா. ஒரு சோதனை.”

அவள் ஸ்விட்சைப் போட்டாள். போட்ட பிறகும் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்டுபிடிப்பின் உற்சாகத்தில் நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

“அம்மா, அது ஜீரோவே இல்லம்மா! கரண்ட் எடுக்குது. ராத்திரி பகலா எடுத்துட்டே இருக்கு. நீ வேணா வந்து பாரேன்.”

அம்மா வந்து பார்த்தாள். கோடு மெல்ல ஊர்ந்து எங்கள் கண்முன் கடந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ அப்பாகிட்ட சொல்லிடணும் பாப்பா. தெரிஞ்சே ஏமாத்தக் கூடாது.”

மீனை அவள் அரியவே இல்லை. அப்பா வரும்வரை அந்த அறையில், ஸ்விட்சுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தாள். பூனை இரண்டு முறை பையை முகர்ந்துவிட்டுப் போனது. நான்தான் விரட்டினேன்.

அப்பா வந்ததும் அம்மாவே தகவல் சொன்னாள். “என்னங்க, இது ஜீரோ இல்லையாம். பாப்பா கண்டுபிடிச்சிருக்கா. நிறுத்திடட்டுமா?”

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் மீட்டர் முன் போய் நின்றார். நான் பக்கத்தில் நின்று சுற்றுகளின் கணக்கை ஒப்பித்தேன். கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. அந்த ஏழு நிமிடமும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீட்டர் பழசு. சும்மாவே ஓடும்” என்றார் கடைசியில். “பல்பு ஒண்ணும் எடுக்கல. எரியட்டும்.”

“இல்லப்பா, லைட்ட நிறுத்தினா தகடும் நிக்குது! நான் பார்த்தேன்!”

“சும்மா இரு.”

அம்மா எழுந்து மீன் அரியப் போனாள். உலகத்திலேயே பொய் சொல்லாத ஒரே மனிதர் என்று நான் நம்பியிருந்தவர், என் கண்ணெதிரில் ஒரு தகட்டின் மேல் பொய் சாட்சி சொல்கிறார்.

சோதனையை நோட்டில் எழுதி வகுப்பில் கொடுத்தேன். இன்மையைத் தேடினேன், கிடைக்கவில்லை, ஜீரோ என்று பெயர் வைத்ததிலும் ஏதோ இருக்கிறது என்று முடித்திருந்தேன். அது சிவப்பு மையில் திரும்பி வந்தது: “கருவியில் கோளாறு. முடிவை ஏற்க இயலாது.” பேனா யாருக்கும் கிடைக்கவில்லை. அனகாபுத்தூர்ப் பையன் மட்டும் தன் பானையைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று மாலை என் வாழ்வின் முதல் மனுவை எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருந்தன. பெறுநர்: உயர்திரு விஞ்ஞான ஆசிரியர் அவர்கள், முன் கட்டு, இதே முகவரி. ஒப்பீட்டுச் சோதனை கணக்கில் எடுக்கப்படவில்லை என்றும், மறுபரிசீலனை வேண்டும் என்றும் கோரியிருந்தேன். நோட்டோடு சேர்த்து அவர் மேசையில் வைத்தேன். அப்பா படித்தார், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். தினமும் சாப்பாட்டில் கேட்பேன். “பரிசீலனையில் உள்ளது” என்பார். வாரங்கள் ஓடின. பிற்காலத்தில் எத்தனையோ மனுதாரர்களுக்கு இதே வாக்கியத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். அதை எங்கே கற்றேன் என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது முன்னறைப் பல்பு அணைந்திருந்தது. அடுப்பில் பாயசம் கொதித்தது. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் பாடிக்கொண்டிருந்தாள். அப்பா என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பழைய சிவப்புக் குறிப்பை ஒரே கோட்டில் அடித்து, கீழே எழுதியிருந்தார்: “மீட்டர் சரியாகவே இயங்குகிறது. சோதனை சரி. முடிவு ஏற்கப்படுகிறது.” கையெழுத்து, தேதி. நோட்டுக்குள் மைப்பேனா இருந்தது.

உண்மை வென்றது என்று நினைத்தேன். தொடர்ந்து நினைவூட்டிய என் விடாமுயற்சிக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். பாயசமும் எனக்காகத்தான் என்று நினைத்து மூன்று தம்ளர் குடித்தேன். அந்த நம்பிக்கையின் பலத்தில்தான் பிறகு வேலைக்கே போனேன்.

இப்போது அதே தாம்பரத்தில், தகடு இல்லாத டிஜிட்டல் மீட்டர் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வெற்றிடத்தில்கூட ஏதோ ஒன்று துடித்துக்கொண்டே இருக்கிறதாம், முழுமையான இன்மை என்று ஒன்று எங்கும் அகப்படவில்லையாம். விஞ்ஞானிகள் சொல்வதாகப் பேப்பரில் படித்தேன். தாமதமானாலும் என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி. காட்டாங்குளத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “நீ இன்னும் அந்தப் பல்ப விடலையா?” என்று சிரித்தான். அந்தப் பல்பு பதினைந்து வாட் எடுக்கும் என்பது, வாங்கும்போதே அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் சொன்ன அந்த ஒரு பொய்க்கு நான் உரிய முறையில் நன்றி சொல்லவில்லை. அவர் இருந்தவரை அது எனக்கு விளங்கவும் இல்லை.

அம்மாவின் வேதாகமத்துக்குள் ஒரு இன்லண்டு லெட்டர் இருக்கிறது. அண்ணன் பம்பாயிலிருந்து எழுதியது. ஈஸ்டருக்கு வருகிறேன் என்ற ஒரே வரி. சென்ற வாரம் அதையும் என் நோட்டையும் அருகருகே வைத்து, முத்திரையையும் கையெழுத்தையும் பழக்க தோஷத்தில் சரிபார்த்தேன். அண்ணனின் கடிதத்தில், அது வந்து சேர்ந்த அன்று தாம்பரம் தபால் நிலையம் குத்திய முத்திரை: மார்ச் பதினேழு. என் மனுவுக்கு அப்பா பதில் எழுதிய தேதி: மார்ச் பதினேழு.