தாளில் எழுதாத சூடு

மனித உடம்புக்கு எத்தனை வாசல் என்று மார்லிஸ் ஹெய்க்கிலாவைத்தான் கேட்க வேண்டும். வடக்கு மினசோட்டாவில் இரும்புச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் மருந்து வண்டி தள்ளியவள். வாய், நாக்கின் அடி, மூக்கு, கண், காது, தோல், சதை, அப்புறம் சாப்பிடும்போது சொல்லக் கூடாத அந்தப் பின்வாசல். ஒன்று அடைத்தால் அடுத்ததில் போய் நிற்பாள். பாறாங்கல்லைக் கொண்டுவந்து படுக்க வைத்தாலும் அதற்கும் மாத்திரை கொடுத்துவிடுவாள்.

நான் ரெய்னோ. அங்கே துணி துவைக்கிறவன். எட்டாவதோடு படிப்பு என்னை விட்டு ஓடிவிட்டது. அதனால் மார்லிஸ் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

ஒவ்வொரு முறையும் பெயர், மருந்து, அளவு, நேரம், வழி என்று ஐந்தையும் சரிபார்ப்பாள். பதினோரு வருடமாக அதே கட்டிலில் கிடக்கிற கிழவியிடமும் கேட்பாள்.

"உங்க பேரு என்ன?"

"நேத்து என்னவோ அதேதான். நீ வேணா மாத்திக்க."

"சொன்னாத்தான் மாத்திரை."

கிழவி சொல்லுவாள். ஆப்பிள் கூழில் பொடித்த மாத்திரை உள்ளே போகும். எல்லாவற்றையும் பொடிக்கவும் மாட்டாள். சில மாத்திரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியது, பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டிவிடும். தெரியாமல் பொடிக்கப் போன புதுப் பெண்ணை ஒரு தடவை மார்லிஸ் போட்ட சத்தத்தில் கனடாவில் மான்கள் எழுந்து ஓடியிருக்கும்.

எனக்கும் ஒரு நாள் திட்டு விழுந்தது. தோல் வழியாக வலி மருந்தை இறக்கும் யாருடைய பிளாஸ்திரியோ உரிந்து கட்டில் விரிப்பில் ஒட்டியிருந்திருக்கிறது. துணியை அள்ளியபோது அது என் முழங்கையில் ஏறிக்கொண்டது. எனக்குத் தெரியாது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்கத் துண்டுகளை அணைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உலகமே என் மாமியார் வீடு மாதிரி இல்லாமல் சொர்க்கமாகத் தெரிந்தது. துண்டு மேலேயே படுத்துவிட்டேன். மார்லிஸ்தான் கண்டுபிடித்து உரித்தாள்.

"மூணு நாளைக்கு மெல்ல எறங்க வேண்டிய மருந்துடா இது. மேல சூடு பட்டா மொத்தமா உள்ள எறங்கிரும். மூச்சே நின்னுரும். புரியுதா?"

"புரியுது. நல்லாவும் இருந்துச்சு."

"செத்திருப்ப, மடையா."

இதை நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. சூடு பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில் உர்ஹோ லெஸ்கினன் வந்து சேர்ந்தார். சுரங்கத்தில் வீடு உயரத்துக்கு இருக்கும் லாரியை முப்பது வருடம் ஓட்டியவர். துணி துவைக்க வருவதற்கு முன்னால் நான் அங்கே அவருக்குக் கீழே சக்கரம் கழுவியவன். புற்றுநோய் எலும்புக்குள் போயிருந்தது. முதல் மாதம் மாத்திரையை முழுசாக விழுங்கினார். அடுத்த மாதம் ஆப்பிள் கூழ். அப்புறம் கூழும் தொண்டையில் நின்றது. கடைசியில் தோள்பட்டைக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில், பிளாஸ்திரி.

ஒரு நாள் அதை மாற்றும்போது கேட்டார்.

"போறப்ப ரொம்ப வலிக்குமா?"

மார்லிஸ் யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. நாளைக்குப் பனி பெய்யுமா என்று கேட்டால்கூட "பாக்கலாம்" என்பாள். அன்றைக்குச் சொன்னாள்.

"வலிக்க விடமாட்டேன். நான் இருக்கேன்ல."

உர்ஹோ அதைப் பிடித்துக்கொண்டார். என்னிடமும் சொன்னார், மனைவி ஐலியிடமும் சொன்னார், ஜன்னலில் வந்த அணிலிடமும் சொல்லியிருப்பார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு அழைத்துப்போக மருத்துவர் அனுமதித்தார். மார்லிஸ் ஐலியை உட்கார வைத்து, பிளாஸ்திரியோடு வரும் அச்சடித்த தாளை வரி வரியாக வாசித்தாள். சுடுநீர்ப் பை கூடாது. மின்சாரப் போர்வை கூடாது. வெந்நீர்த் தொட்டி கூடாது. வெயிலில் கிடக்கக் கூடாது.

"பிப்ரவரில எங்கடி வெயிலு?" என்றாள் ஐலி.

வெளியே இடுப்பளவு பனி. விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நானும் சேர்த்து மூன்று பேரும் சிரித்தோம்.

சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் சவுனா என்கிற ஆவிக் குளியல். வீட்டுக்குப் பின்னால் மரக் குடில், விறகு அடுப்பு, அதன்மேல் கற்கள், கல்லில் ஊற்றும் தண்ணீர், எழும்பும் ஆவி. பிறந்த குழந்தையையும் அங்கே கழுவினோம், செத்தவரையும் அங்கேதான் கழுவினோம். அதைச் சூடு என்று யாரும் நினைத்ததில்லை. அது சனிக்கிழமை, அவ்வளவுதான். எங்கோ ஒரு ஊரில் அச்சடித்த தாளிலும் அந்தச் சொல் இல்லை.

அன்றைக்கு ஐலிக்குத் துணையாகப் போய் அவரைச் சவுனாவுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான்.

"மூட்டை மாதிரி தூக்குற," என்றார்.

"மூட்டைன்னா வாயாடாது," என்றேன்.

கீழ்ப் பலகையில் உட்கார வைத்தேன். ஐலி ஒரு கரண்டி தண்ணீர்தான் ஊற்றினாள். ஐந்தாறு நிமிடத்தில் அவர் முகம் இளகியது. மாதக்கணக்கில் மடக்க முடியாத முழங்காலை மடக்கினார். "வலியே இல்லடா," என்று சிரித்தார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னது நான். வெளி அறையில் படுக்க வைத்ததும் தூங்கிவிட்டார்.

ஐலி சந்தோஷம் தாங்காமல் மார்லிஸுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"குழந்தை மாதிரி தூங்குறாரு. சவுனாவுக்கு அப்புறம் வலியே இல்லங்கிறாரு."

அந்தப் பக்கம் மார்லிஸ் கத்தினாள். எனக்கே கேட்டது.

"மூச்சை எண்ணு. முதுகுல இருக்கறதை உரிச்சுப் போடு. ஈரத் துணியால தொடை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இப்பவே."

எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நாலே நாலு. பிளாஸ்திரியை உரித்தேன், அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் மார்லிஸ் வந்துவிட்டாள். தலைமுடி ஈரத்தோடு உறைந்து குச்சி குச்சியாக நின்றது. அவளும் அந்த நேரம் தன் சவுனாவிலிருந்துதான் எழுந்து வந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் மூக்கில் மருந்து அடித்தார்கள். ஏற்கெனவே உள்ளே போன வலி மருந்தையெல்லாம் அது முறித்துவிடும். உர்ஹோ கண் திறந்தார். அடுத்த நொடி கத்தினார். ஊரில் நாற்பது வருடமாகச் சுரங்க வெடி கேட்கிறவன் நான், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. மூச்சு வாங்கிய இடைவெளியில் மார்லிஸைப் பார்த்தார்.

"நல்லா இருந்துச்சே. எதுக்கு எழுப்பின?"

திங்கட்கிழமை அவள் யாரும் கேட்காமலே மேலாளரிடம் போய்ச் சொன்னாள். கதவு திறந்திருந்தது, நான் திரைச்சீலை கழற்றிக்கொண்டிருந்தேன்.

"தாள்ல சவுனான்னு இல்லையே மார்லிஸ். உன் மேல என்ன தப்பு?"

"தாள்ல இல்ல. எனக்குத் தெரியும்ல."

விசாரணை முடியும்வரை மருந்து வண்டியைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இல்லத்துக்குத் திரும்பி வந்த உர்ஹோவுக்குப் பழைய அளவில் மருந்து கொடுக்க, அவரைப் புதிதாகப் பார்க்க வந்த மருத்துவர் பயந்தார், மறுபடி மூச்சு நின்றுவிடுமோ என்று. துளித் துளியாக ஏற்றினார்கள். போதவில்லை.

மார்லிஸ் அவர் கட்டில் பக்கத்தில் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள், கோட்டுகூடக் கழற்றாமல். அத்தனை வாசலும் தெரிந்தவள் கையில் ஒரு குச்சியில் சுற்றிய பஞ்சும் குவளையில் தண்ணீரும்தான் இருந்தன. உதட்டை நனைப்பாள். அதற்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. அவர் முனகும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பாள், அடுத்த துளிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று. ஒன்பது நாள். ஒன்பதாவது நாள் மத்தியானம் அவர் போனார். வலியோடுதான் போனார்.

மார்ச் கடைசியில் அவளை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். உர்ஹோவின் கட்டிலில் இப்போது வேறொருவர், அவருக்கும் பிளாஸ்திரி. மார்லிஸ் அவர் மகளிடம் தாளை வாசித்தாள். கடைசி வரிக்குக் கீழே பேனாவால் பெரிதாக எழுதியிருந்ததையும் வாசித்தாள். சவுனா கூடாது.

மகள் சிரித்துவிட்டாள். "சவுனாவைப் போயி யாராவது சூடும்பாங்களா?"

மார்லிஸ் தலையை நிமிர்த்தவில்லை. "கூடாது," என்று இன்னொரு தடவை வாசித்தாள்.

அழுக்குத் துணிக் கூடையோடு வாசலில் நின்றிருந்த என்னை, நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று அந்தப் பெண் பார்த்தாள். நான் எந்தப் பேச்சுக்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவன் என்று ஊருக்கே தெரியும். கூடையைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.