அப்புக்காத்தரின் பித்தளை றீல்

என் அத்தான் இராயப்புவுக்குக் கடல் என்றாலே வயிற்றைக் குமட்டும். மன்னார்ப் பேசாலையில் பிறந்தவர்தான். ஆனால் தகப்பன் கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார், மகன் ஒரு நாளும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. இங்கே மொண்டெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் முழங்காலுக்கு மேல் நனைய மாட்டார். அப்படிப்பட்ட மனுசன் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து, சீசா என்ற பகுதியில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த வீட்டு அலுமாரியைப் பழைய தூண்டில் முள்ளுகளாலும் மிதவைகளாலும் ஈயக்குண்டுகளாலும் நிரப்பி வைத்திருந்தார். என் அக்கா கிளறாவின் சேலைகள் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் கிடந்தன. அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் எரிந்து விழுவேன்.

இந்த விசர் தொற்றிய இடம் ஒரு இத்தாலிய வக்கீலின், எங்கள் சொல்லில் அப்புக்காத்தரின், வீடு. அத்தான் அங்கே வீட்டு வேலை செய்தார். கிழவர் தனி ஆள். மகனும் மகளும் எப்போதோ வேறு வீடு போய்விட்டார்கள். விறாந்தை அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் கிழவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தூண்டில் சாமான்கள். அதிலே அவருடைய செல்லப்பிள்ளை ஒரு பித்தளை றீல். தூண்டில் தடியில் பூட்டி நூல் சுற்றுகிற உருளை, உள்ளங்கைக்குள் அடங்கும், பிடி மட்டும் எலும்பு. மினுக்கக் கூடாது, பழைய நிறம் போய்விடும் என்பது கிழவரின் கட்டளை. மெல்லிய துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிடியைச் சுற்றிப் பார்க்கவேண்டும். சுற்றினால் கிறுகிறுவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் அத்தான் விழுந்தார். சாப்பாட்டு நேரத்தில் வாயால் அதைச் செய்து காட்டுவார். அக்காவின் பிள்ளைகள் திருப்பித் திருப்பிக் கேட்டுச் சிரிப்பார்கள்.

"என் காலத்துக்குப் பிறகு இது உனக்குத்தான், இராயப்பு" என்று கிழவர் ஒரு நாள் சொன்னாராம். அடுத்த வருசம் மாரியில் அவர் போய்ச் சேர்ந்தார். அத்தான் சவப்பெட்டி தூக்கி, பூசை கண்டு, கல்லறை வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"மகனிட்டைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"செத்த வீட்டிலை நிண்டுகொண்டு சாமான் கேக்கிறதோடா? முப்பத்தொண்டு கழியட்டும்."

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகுதான் செத்தவரின் பொருள் பண்டம் பற்றி வாய் திறப்பது எங்கள் ஊர் வழக்கம். இத்தாலியனுக்கு முப்பத்தொன்றும் தெரியாது, முப்பத்திரண்டும் தெரியாது. அத்தான் சட்டை மாற்றித் தலை வாரிக்கொண்டு போன அன்று அந்த வீட்டில் அலுமாரி நின்ற இடத்தில் சுவர் வெளுத்துக் கிடந்தது. மகன் எல்லாவற்றையும் ஒரு பழஞ்சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டான். யாருக்கு என்று கேட்கவும் இந்த மனுசனுக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்கான சந்தை எங்கே நடந்தாலும் அத்தான் அங்கே நிற்பார். றீலைத்தான் தேடிப் போவார். அது கிடைக்காது. வெறுங்கையோடு வர மனம் வராமல் ஒரு முள்ளையோ தகரப் பெட்டியையோ வாங்கிக்கொண்டு வருவார். நாளடைவில் அதுவும் பிடித்துப்போய்விட்டது. சந்தைக்காரர்களில் பாதிப் பேர் அவரைப் பெட்டி தூக்க வந்த கூலி என்று நினைப்பார்கள். மிச்சப் பேர் மீன்பிடிகாரன் என்று நினைத்துக் கடலைப் பற்றிக் கதை கேட்பார்கள். இவரும் கடற்கரையையே விட்டு நகராத ஆள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றாறு கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு மண்டபத்தில் அந்தச் சந்தை கூடியது. நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் ஞாயிறு லீவு கிடைப்பது அருமை. அதையும் அரியண்டம் பண்ணிப் பிடுங்கிக்கொண்டார். "எனக்கு வெள்ளெழுத்து, மச்சான். உனக்குத்தான் கண் நல்லம்" என்றார்.

என் கண் தேவைப்படவே இல்லை. மண்டபத்தின் நடுவில் ஒரு மேசைக்கு முன்னால் அவருடைய கால் தானாக நின்றது. றீல் அங்கே இருந்தது. எடுத்தார், பிடியை ஒரு தடவை சுற்றினார். கிறுகிறு. இத்தனை காலம் அவர் வாயால் கேட்ட அதே சத்தம். எனக்கும் அதை இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வியாபாரி விலையைச் சொன்னான். அநியாய விலை இல்லை. அக்கா கொடுத்துவிட்ட காசு அதற்குக் காணும், எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதானே? அத்தான் றீலை மேசையில் வைத்தார். முகத்தை மீன் கடைக்காரியிடம் நிற்கிறவர் மாதிரி சுளித்தார். பித்தளை கறுத்துப்போச்சு, பிடியில் வெடிப்பு, இதை யார் வாங்குவான் என்று இத்தாலியன் பாஷையில் நொட்டை சொன்னார். பாதி விலை கேட்டார். அந்த ஆள் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, விருப்பமில்லையென்றால் விடு என்றான்.

"வா, போவம்" என்று அத்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். "திரும்பிப் பாராதை. கூப்பிடுவான்."

"அத்தான், காசு இருக்குத்தானே. குடுத்துப்போட்டு வாங்குங்கோவன்."

"கேட்ட உடனை குடுத்தா எங்களைப் பேயனெண்டு நினைப்பான். நீ சும்மா நட."

மண்டபத்தின் மறு தலைப்பில் முத்திரை விற்கிற ஒருவனின் மேசைக்கு முன்னால் போய் நின்றோம். அத்தான் முத்திரைகளைப் பார்க்கிற மாதிரி நின்றார். அவருடைய காது மட்டும் பின்னால் இருந்தது. ஒருவனும் கூப்பிடவில்லை. இது மன்னார்ச் சந்தை இல்லை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "இன்னும் கொஞ்சம் பொறு" என்றார். கடைசியில் அவருடைய சொல்லைக் கேளாமல் நான் திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் றீலைக் கையில் வைத்திருந்தாள். வியாபாரி அவளுடைய காசை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஓடினோம். கிட்டப் போனதும் அத்தான் அப்படியே நின்றுவிட்டார். அவள் கிழவரின் மகள், தொனத்தெல்லா. அத்தானைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். தம்பி அவளைக் கேளாமல் அலுமாரியை விற்றுவிட்டானாம். தகப்பன் ஞாபகமாக இந்த ஒன்றையாவது எடுத்துவிட வேண்டும் என்று அவளும் சந்தை சந்தையாகத் திரிந்தாளாம்.

நான் அத்தானின் முதுகில் இடித்தேன். "சொல்லுங்கோ. அவர் உங்களுக்குத் தந்தது எண்டு சொல்லுங்கோ." அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இராயப்பு, உன்னைப் போல இதைத் துடைக்க ஒருவருக்கும் தெரியாது என்று அப்பா சொல்லுவார். என் வேலைக்காரியை நம்ப முடியாது, மினுக்கிக் கெடுத்துவிடுவாள். வியாழக்கிழமைப் பின்னேரம் உனக்கு ஓய்வுதானே? வந்து துடைத்துவிட்டுப் போவாயா?"

"சரி, சிஞ்ஞோரா" என்றார் அத்தான்.

பஸ்ஸில் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் யன்னலோடு இருந்தார்.

"அழுதுகொண்டு நிக்கிற பிள்ளையிட்டை எப்பிடிடா கேக்கிறது?"

"முப்பத்தொண்டு எப்பவோ கழிஞ்சுது, அத்தான்."

"அவவுக்கு இண்டைக்குத்தான் தேப்பன் செத்தது" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மட்டும்தான் கிழமை நாட்களில் அவருக்கு ஓய்வு. அந்த வியாழன் போய், இருட்டின பிறகு வந்தார். சாப்பிட இருந்தபோது, றீலின் பிடியைச் சுற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"இல்லை. சுத்தினா தேஞ்சுபோமெண்டு அவ பயப்பிடுறா. துடைச்சுப்போட்டு வைச்சிட்டு வந்தன்."

பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வழமை போல அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். அத்தான் சோற்றுக் கையோடு நிமிர்ந்து, வாயால் கிறுகிறுவென்று செய்து காட்டினார். நான் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.